தானே எழும் கணிப்பொறி

திண்டுக்கல் மாவட்டத்தில், செம்பட்டிக்கு அண்மையில், சித்தையன்கோட்டை என்னும் பேரூர் ஒன்று உண்டு. மேற்கே மலையடிவாரம்; சுற்றிலும் வயலும் தோப்பும். அவ்வூர்க் கடைத்தெருவில் நகலெடுக்கும் கடை ஒன்று இருக்கின்றது. ஊரார் அதனை ஜெராக்ஸ் கடை என்றே வழங்குவர். கல்லூரி விண்ணப்பமாயினும், சாதிச் சான்றிதழாயினும், மின் கட்டணமாயினும் இன்று கணிப்பொறி வழியாகவே செல்ல வேண்டியிருத்தலால், அக்கடையில் மாலை வேளையில் கூட்டம் குறைவதே இல்லை.

ஒரு மே மாதத்து மாலையில், கல்லூரி விண்ணப்பத்திற்குரிய கடைசி நாளில், மாணவி ஒருத்தி அங்கே அமர்ந்திருந்தாள். பெயர், பிறந்த நாள், மதிப்பெண் யாவும் பதிவாகிவிட்டன. இன்னும் இரண்டு பக்கங்களே எஞ்சியிருந்தன. திடீரெனத் திரை இருண்டது. இரண்டு நொடி கழித்துக் கணிப்பொறி தானாகவே விழித்தெழுந்து, ஒன்றும் அறியாததுபோல் தன் முதற் படத்தைக் காட்டி நின்றது. எழுதிய யாவும் போயின. அம்மாணவி மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுதினாள். மீண்டும் அதே கதி. மூன்றாம் முறை செம்பட்டிக்குச் சென்று வேறொரு கடையில், குறித்த நேரம் முடிய அரை மணி இருக்கையில் அனுப்பி முடித்தாள். அவள் கதை நலமே முடிந்தது. கடைக்காரர் கதை அவ்வாறு முடியவில்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

கணிப்பொறி தானே அணைந்து தானே எழுவது ஒரு நோயன்று, நோயின் குறி. காய்ச்சல் எவ்வாறு பல நோய்களுக்குப் பொதுவான குறியோ, அவ்வாறே இதுவும். ஆகவே, காய்ச்சல் என்றவுடன் கைக்குக் கிடைத்த மருந்தைக் கொடுக்கும் வைத்தியரைப்போல, பொறி மறுமுறை தொடங்குகிறது என்றவுடன் ஓர் உறுப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டுபவர் பெரும்பாலும் பணத்தை இழப்பர். பொறி எங்ஙனம் தொடங்குகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், எங்ஙனம் தவறித் தொடங்குகிறது என்பது எளிதில் புலப்படும்.

நம் வீட்டுச் சுவரிலிருந்து வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது; திசை மாறி மாறி நொடிக்கு 50 சுழற்சி சுழல்வது. கணிப்பொறியின் நுண்ணிய உறுப்புகளுக்கு இது யானைத் தீனி. அவற்றிற்கு வேண்டுவன 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள, ஒரே திசையில் ஓடும் மின்சாரமே. இம்மாற்றத்தைச் செய்வது, பெட்டியின் ஒரு மூலையில் விசிறியோடு கூடிய தகரக் கூடு. எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் கூறுவர். இக்கூட்டிலிருந்து தாய்ப்பலகைக்கு, அதாவது மதர்போர்டுக்கு, ஒரு தனிக் கம்பி செல்கின்றது. ‘நான் தரும் மின்சாரம் சரியாக உள்ளது’ என்னும் ஒரே செய்தியை ஓயாது கூறிக்கொண்டிருப்பதே அக்கம்பியின் வேலை. அச்செய்தி நின்ற மறுகணம், தாய்ப்பலகை எல்லா வேலையையும் நிறுத்திவிடும். செய்தி மீண்டும் வந்ததும் அ முதல் தொடங்கும். கெட்ட மின்சாரத்தில் தவறான கணக்குப் போடுவதைவிட ஒன்றும் செய்யாதிருத்தல் நன்று என்பதே இதனை அமைத்தோர் கருத்து.

சுவர் மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டாலும் அக்கூடு சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். உள்ளேயிருக்கும் மின்தேக்கிகளில் சேமித்துவைத்த மின்னேற்றமே அதற்குக் காரணம். எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். நல்ல நிலையிலுள்ள கூடு, நிறைந்த பளுவில், ஏறத்தாழ 16 மில்லி நொடி தாங்கும். மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு ஆகும் காலமோ 20 மில்லி நொடி. ஒரு முழுச் சுழற்சி தவறினாலே பொறி சாயக்கூடும் என்பது இதனால் விளங்கும். விளக்கு ஒருமுறை மினுக்கியதைக் கண் காணாதிருக்கலாம், கணிப்பொறி கண்டுவிடும். கூடு பழையதாகி, மின்தேக்கிகள் வற்றிப்போனால் இத்தாங்கும் ஆற்றல் இன்னும் குறையும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறி அணைந்து, அணைந்தபடியே கிடக்கிறதா? அணைந்து உடனே எழுகிறதா? நீலத் திரையில் சில எழுத்துகளைக் காட்டிவிட்டு எழுகிறதா? இம்மூன்றும் மூன்று வேறு வழிகளைச் சுட்டுவன. அணைந்தபடியே கிடந்தால் பெரும்பாலும் வெப்பம் அல்லது கூட்டின் பழுது. ஒன்றும் கூறாமல் உடனே எழுந்தால் மின்சாரத்தின் தடுமாற்றம் என்று ஐயுறலாம். நீலத் திரை தோன்றினால், இயக்கத் தொகுதி தானே ஒரு தவற்றைக் கண்டு வேண்டுமென்றே நிறுத்தியது என்பது பொருள். இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. எனினும் தொடங்குவதற்கு இது போதும்.

தொல்லை யாதெனில், விண்டோஸ் என்னும் இயக்கத் தொகுதி அந்த நீலத் திரையை நாம் படிப்பதற்குள் மறைத்துவிட்டு மறுமுறை தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றது. ‘தானே மறுமுறை தொடங்குக’ என்னும் அவ்வமைப்பை நீக்கிவிட்டால் திரை நிற்கும். அதிலுள்ள குறியெண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளலாம். மேலும், நிகழ்ச்சிக் குறிப்பேடு ஒன்றையும் விண்டோஸ் வைத்திருக்கின்றது. முறையாக மூடப்படாமல் பொறி மீண்டும் எழுந்தால், ‘கெர்னல் பவர் 41’ என்று அதில் ஒரு வரி பதிவாகும். அவ்வரியின் உள்ளே நிறுத்தற் குறியெண் பூச்சியமாக இருந்தால், சாகும் முன் ஒரு சொல் எழுதவும் அதற்கு நேரமில்லாது போயிற்று என்று கொள்ளலாம். இவ்வொரு வரியை நான் சித்தையன்கோட்டையில் படித்தேன், படித்தும் பொருட்படுத்தவில்லை.

வெப்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் வட்டாரத்துக் கோடையில் வெளிக்காற்றே 40 பாகையைத் தொடும் நாள் உண்டு. செயலி என்னும் சில்லு பொதுவாக 100 பாகையை நெருங்கியதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில், எரிந்துபோகாதிருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். விசிறியில் பஞ்சும் தூசியும் படிந்து அடைபடுவதும், செயலிக்கும் அதன் உலோகத் தகட்டிற்கும் இடையே தடவிய களிம்பு உலர்ந்துபோவதுமே பெரும்பான்மைக் காரணங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். எஸ்.எம்.பி.எஸ். கூட்டை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஆளைக் கொல்ல அது போதும்.

நினைவுச் சில்லுப் பலகை, அதாவது ராம், தன் பள்ளத்தில் சரியாக அமராமையும் ஒரு காரணமாகலாம். அதனைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை எழுதுபொருட் கடை ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் செருகுவது நம் ஊர்ப் பழுதுபார்ப்போர் கைமுறை. பலமுறை பலிக்கவும் செய்யும். இரண்டு பலகை இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும், மறுநாள் மற்றதை. ஒரே வேளையில் இரண்டு மாற்றம் செய்தவன், எது மருந்து என்று அறிய மாட்டான்.

தாய்ப்பலகையைத் திறந்து பார்க்கும்பொழுது, சிறு உருளைகளாக நிற்கும் மின்தேக்கிகளின் தலையையும் நோக்குங்கள். அவை தட்டையாக இருத்தல் வேண்டும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் செய்யப்பட்ட தாய்ப்பலகைகளில், உள்ளிருக்கும் திரவத்தின் கலவை பிழைபட்டதால், இலட்சக்கணக்கான மின்தேக்கிகள் தலை வீங்கி வெடித்தன. உலகெங்கும் கணிப்பொறிகள் காரணமின்றி மறுமுறை தொடங்கலாயின. டெல் போன்ற பெரு நிறுவனங்களும் பல கோடி டாலர் செலவிட்டுப் பலகைகளை மாற்றித் தர நேர்ந்தது. செய்நிரல் எழுதுவோர் தம் நிரலில் பிழை தேடித் தேடிக் களைத்திருப்பர். பிழையோ ஒரு துளித் திரவத்தில் இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில், விண்டோஸ் எக்ஸ்.பி. பூண்ட கணிப்பொறிகள் பல, ‘இன்னும் 60 நொடியில் இப்பொறி மூடப்படும்’ என்று அறிவித்து, 59, 58 என எண்ணிக்கொண்டே சென்று மறுமுறை தொடங்கின. உறுப்புகளில் ஒரு பழுதும் இல்லை. பிளாஸ்டர் என்று பெயர் பெற்ற ஒரு ‘புழு’, வலைத்தொடர்பு வழியே நுழைந்து, தொகுதியின் இன்றியமையாத ஒரு பணியைச் சாய்த்தது. அப்பணி சாய்ந்தால் தொகுதி தன்னை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. இதில் வியப்பு யாதெனில், பொறியை மறுமுறை தொடங்கச் செய்வது அப்புழுவின் நோக்கமே அன்று. ஓசையின்றிப் பரவுவதே அதன் நோக்கம். நுழையும் முயற்சியில் அது செய்த பிழையே அதனைக் காட்டிக்கொடுத்தது. அந்தத் துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஜூலை மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ நான்கு வாரம் இடைவெளி இருந்தும், இட்டவர் சிலர், இடாதவர் பலர். அடுத்த ஆண்டு சாசர் என்னும் மற்றொரு புழு அதே கூத்தை மீண்டும் ஆடிற்று. அதனை எழுதியவர் உங்களையொத்த வயதினரான ஜெர்மானிய மாணவர் ஒருவர், நீதிமன்றம் ஏறினார்.

திருத்தம் இடாமையால் வந்த கேடு அது. இட்டமையால் வந்த கேடும் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9 மணி 39 நிமிடம். கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் நிரல் நிறுவனம், உலகிலுள்ள தன் வாடிக்கையாளர் பொறிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அக்கோப்பு 21 செய்திகளை எதிர்பார்த்தது. அதனை ஆளும் நிரலோ 20 செய்திகளையே தந்தது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிச் சென்ற நிரல், நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தில் கை வைத்தது, தொகுதி சாய்ந்தது. சாய்ந்த பொறி எழுந்து, அதே கோப்பைப் படித்து, மீண்டும் சாய்ந்தது. 78 நிமிடத்தில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் பொறிகள் இச்சுழலில் அகப்பட்டுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். எழுந்தவுடன் சாயும் பொறிக்குத் தொலைவிலிருந்து மருந்து அனுப்ப இயலாதாகையால், பெரும்பாலான பொறிகளின் முன் ஓர் ஆள் சென்று அமர்ந்து, ‘பாதுகாப்பு முறையில்’ தொடங்கி, அக்கோப்பைக் கையால் அழிக்க நேர்ந்தது. உங்கள் பொறி தொடங்கித் தொடங்கிச் சாயும்பொழுதும் பாதுகாப்பு முறையையே முதலில் நாடுங்கள். அம்முறையில் இன்றியமையாத நிரல்கள் மட்டுமே ஏறும். அதில் பொறி நிலைத்து நின்றால், பழுது அண்மையில் சேர்த்த நிரலில் இருக்கக்கூடும். அதிலும் சாய்ந்தால், உறுப்புகளை நோக்க வேண்டும்.

மறுமுறை தொடங்கிய கணிப்பொறிகளிலெல்லாம் நான் பெரிதும் வியப்பது, செவ்வாய்க் கோளில் இருந்த ஒன்று. 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பாத்ஃபைண்டர் என்னும் அமெரிக்கக் கலம் செவ்வாயில் இறங்கியது. படங்கள் அனுப்பியது, சிறு ஊர்தியை இறக்கியது. சில நாளில், வானிலைச் செய்தி திரட்டத் தொடங்கிய பின்னர், அதன் கணிப்பொறி அவ்வப்போது தானே மறுமுறை தொடங்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலை குலைந்தது. கழற்றிப் பார்க்கவோ, ரப்பரால் துடைக்கவோ அங்கே ஆள் இல்லை. ஒரு கேள்வி அனுப்பினால் அது போய்ச் சேரவே பத்து நிமிடத்திற்கு மேலாகும்.

பொறியாளர்கள் யாது செய்தனர்? கலத்தின் மறுபடி ஒன்று பூமியில் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதில் அதே நிரலை, அதே வேலைகளோடு ஓடவிட்டு, அதே பழுது தோன்றும் வரை காத்திருந்தனர். தோன்றியது. காரணம் இது: அந்தக் கணிப்பொறியில் வேலைகளுக்கு உயர்வு தாழ்வு வகுக்கப்பட்டிருந்தது. செய்திகளைப் பகிர்ந்தளிக்கும் வேலை மிக உயர்ந்தது. வானிலை வேலை தாழ்ந்தது. தகவல் தொடர்பு இடைப்பட்டது. உயர்ந்த வேலையும் தாழ்ந்த வேலையும் ஒரே சாவியைப் பகிர்ந்து பயன்படுத்தின. சில வேளைகளில், தாழ்ந்த வேலை சாவியைக் கையில் வைத்திருக்கையில் இடைப்பட்ட வேலை வந்து அதனைத் தள்ளிவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கத் தொடங்கும். சாவி தாழ்ந்தவனிடம், அவனுக்கோ முறை வாராது. உயர்ந்தவன் சாவிக்குக் காத்து நிற்பான். அலுவலகத் தலைவர், பியூன் கையிலுள்ள சாவிக்காக வாயிலில் நிற்க, பியூனை நடுவிலுள்ள எழுத்தர் தேநீர் வாங்க அனுப்பிவிட்ட கதை போன்றது இது. உயர்ந்த வேலை உரிய நேரத்தில் முடியவில்லை என்று கண்ட காவற் கடிகாரம், ஏதோ பெருங்கேடு நேர்ந்ததெனக் கருதி, பொறியை மறுமுறை தொடங்கச் செய்தது. சாவி வைத்திருப்பவனுக்குக் காத்திருப்பவனின் உயர்வைத் தற்காலிகமாகத் தரும் வசதி அத்தொகுதியிலேயே இருந்தது; முடக்கிவைக்கப்பட்டிருந்தது. அதனை இயக்குமாறு பூமியிலிருந்து சிறு திருத்தம் அனுப்பினர். பழுது நின்றது.

இந்நிகழ்ச்சியில் மற்றொரு செய்தியும் உண்டு. கலம் புறப்படுவதற்கு முன்னரே, ஆய்வின்போது இதே மறுதொடக்கம் நேர்ந்திருக்கின்றது. மீண்டும் வரவழைக்க இயலாமையால், காரணம் விளங்காத சிறு குறையென்று விட்டுவிட்டனர்.

இனி, சித்தையன்கோட்டைக்குத் திரும்புவோம். கடைக்காரர் என் பழைய மாணவரின் தந்தை. ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். அவர் என்னை அழைத்து, “சார், நீங்கள் வந்து ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். சென்றேன். பொறி எழுந்த வேளைகளில் அதில் யாது நடந்துகொண்டிருந்தது என்று கேட்டேன். ஒருமுறை விண்ணப்பம், ஒருமுறை படம் பார்த்தல், ஒருமுறை ஒன்றுமே இல்லை, சும்மா இருந்தது. ஒழுங்கு ஏதும் காணாமையால், “இது ராம் பழுதாக இருக்கும்” என்று தீர்ப்புச் சொன்னேன். பாய் என் சொல்லை நம்பித் திண்டுக்கல் சென்று புதிய பலகை வாங்கி வந்தார். மறுநாள் மாலையே பொறி பழையபடி எழுந்தது. பழுதுபார்ப்பவர் ஒருவர், தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று விலை சொல்லிச் சென்றார். அவ்விலை, பாய் ஒரு மாதத்தில் ஈட்டுவதில் பாதி.

அக்கடையில் மாலை வேளையில் உதவிக்கு இருந்தவன் பாலிடெக்னிக் மாணவன். அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நாள், மணி, கணிப்பொறியில் நடந்தது, கடையில் நடந்தது ஆகியவற்றை எழுதிவரச் சொன்னேன். ‘கடையில் நடந்தது’ என்பதைச் சேர்த்தது என் அறிவன்று. பாத்ஃபைண்டர் கதையை நினைவுகூர்ந்ததன் பயன். பன்னிரண்டு நாளில் ஒன்பது குறிப்புகள் சேர்ந்தன. அவன்தான் முதலில் கண்டான்.

“சார், ஒன்பது தடவையும் யாரோ ஜெராக்ஸ் எடுத்திருக்காங்க. ஒன்பதும் சாயங்காலம்தான்.”

நகலெடுக்கும் பொறிக்கும் கணிப்பொறிக்கும் அப்போது யாதொரு தொடர்பும் இல்லை. குடும்ப அட்டையைக் கண்ணாடி மேல் வைத்துப் பொத்தானை அழுத்துவதுதான். ஆயினும், இரண்டும் ஒரே யூ.பி.எஸ். பெட்டியில் செருகப்பட்டிருந்தன. 2012-ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டு ஊர்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் ஏற்பட்ட பழக்கம் அது: மின்சாரம் போனாலும் நகல் நிற்கக்கூடாது. லேசர் முறையில் அச்சிடும் பொறி, மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்கு ஓர் உருளையை 200 பாகை அளவுக்குச் சூடாக்குகின்றது. அவ்வேளையில் பல நூறு வாட் மின்சாரத்தை ஒரே மடக்காக இழுக்கும். பாயின் யூ.பி.எஸ். தாங்குவதோ 360 வாட்.

அவ்வாறாயின் நண்பகலில் ஏன் ஒருமுறையும் நேரவில்லை? பகலில் சுவர் மின்சாரம் வலுவாக இருக்கும், யூ.பி.எஸ். அதனை அப்படியே வழிவிடும். மாலையில் தெருவெங்கும் விளக்கும் விசிறியும் மாவரைக்கும் பொறியும் ஓட, அழுத்தம் தாழும். தாழ்ந்தவுடன் யூ.பி.எஸ். பாட்டரிக்கு மாறும். அந்தப் பாட்டரிக்கு வயது நான்கு. அந்நேரம் பார்த்து ஒருவர் நகல் கேட்டால், உருளை சூடேற, பாட்டரி தளர்ந்து, ஒரு கணம் மின்சாரம் சரியும். அந்த ஒரு கணம் போதும். இரண்டு நிலைமைகளும் ஒருங்கு கூடினாலன்றிப் பழுது தோன்றாது. ஆதலாலேயே அது ஒழுங்கற்றதுபோல் காட்சியளித்தது.

நகற் பொறியைச் சுவரிலுள்ள வேறொரு செருகிக்கு மாற்றினோம். ஒரு வாரம் பார்த்தோம். ஒருமுறையும் பொறி எழவில்லை. பின்னர், வேலைகளைச் சேமித்துவிட்டு, கணிப்பொறி மட்டும் ஓடுகையில் யூ.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். பத்து நிமிடமாவது தாங்க வேண்டியது, ஒரு நிமிடத்திற்குள் கூவி அணைந்தது. பாட்டரியை மட்டும் மாற்றினார் பாய். தாய்ப்பலகைக்குச் சொன்ன விலையில் நான்கில் ஒரு பங்கும் ஆகவில்லை.

வீணாக வாங்கிய ராம் பலகையின் விலையை நான் கொடுத்தேன். அவர் வேண்டாமென்றார்; நான் விடவில்லை. அது இப்போது என் வீட்டுக் கணிப்பொறியில் இருக்கின்றது.